சித்தாள் என்ற சொல்லுக்கு என்ன கூலி?

வீடு கட்டும் இடத்தில் கூலிப் பேச்சு தொடங்கியதுமே மூன்று பெயர்கள் வந்துவிடும்: கொத்தனார், பெரியாள், சித்தாள். மூன்று பெயருக்கும் மூன்று கூலி. ஏன் இந்த வித்தியாசம் என்று மேஸ்திரியிடம் யாரும் கேட்பதில்லை; ஊரில் நடப்புக் கூலி என்ன என்று மட்டும் விசாரித்துக்கொள்வோம். சித்தாள் என்றால் பெண் என்பதையும் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. சிறிய ஆள் என்பதுதான் அந்தச் சொல்லின் பொருள். இருபத்தைந்து வருடமாக இதே வேலையைச் செய்து, நாற்பத்தைந்து வயதைத் தாண்டிய பெண்ணும் சித்தாள்தான். அவர் வேலைக்குச் சேர்ந்த அதே நாளில் கையாளாக வந்த பையன் நாலைந்து வருடத்தில் கரணை பிடித்துக் கொத்தனாராகி, பிறகு மேஸ்திரியாகவும் ஆகியிருப்பான். இந்தியாவில் கட்டட வேலை செய்யும் பெண்களைப் பற்றி ஆராய்ந்தவர்கள் பலரும் திரும்பத் திரும்பப் பதிவு செய்திருக்கும் செய்தி இது. கையாள் வேலை ஆணுக்குத் தொழில் கற்கும் காலம். பெண்ணுக்கோ அதுவே ஆயுள் முழுக்க.

இதற்கு நாம் எல்லோரும் கைவசம் வைத்திருக்கும் பதில் ஒன்று உண்டு. 'கொத்தனார் வேலைக்குத் திறமை வேண்டும், சித்தாள் வேலைக்கு உடம்பு இருந்தால் போதும், அதனால்தான் கூலி வித்தியாசம்' என்பது அந்தப் பதில். அரசின் குறைந்தபட்சக் கூலி அட்டவணையும் இதையே வேறு வார்த்தைகளில் சொல்கிறது: திறனற்ற வேலை, பாதித் திறன் வேலை, திறன் வேலை, உயர்திறன் வேலை என்று மத்திய அரசு நான்கு படிகளாகப் பிரித்து வைத்திருக்கிறது. கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் 'திறனற்ற' என்ற சொல்லை யார், எதைப் பார்த்து, எப்படி முடிவு செய்தார்கள் என்று கேட்டால் அந்த நியாயம் ஆட்டம் காணத் தொடங்கும்.

சித்தாள் என்னதான் செய்கிறார் என்று கொஞ்சம் பக்கத்தில் போய்ப் பார்ப்போம். காலையில் கொத்தனார் வருவதற்கு முன்பே செங்கல்லை நனைத்து வைக்க வேண்டும். காய்ந்த செங்கல் கலவையின் ஈரத்தை உறிஞ்சிவிடும், கட்டு பிடிக்காது. அதையே ஊற ஊற நனைத்தால் கல் வழுக்கும், கலவை வழியும். மணலைச் சலிக்க வேண்டும். கட்டு வேலைக்கு ஒன்றுக்கு ஆறு, பூச்சுக்கு அதைவிடச் சிமெண்டு கூடுதலான விகிதம். பெரிய தளங்களில் மம்பட்டியாள் கலவை போடுவார்; சின்ன வேலைகளில் அதுவும் சித்தாளின் தலையில்தான். முந்தின நாள் மழை பெய்து மணல் ஈரமாக இருந்தால் தண்ணீரைக் குறைக்க வேண்டும், ஆற்று மணலுக்குப் பதில் எம்-சாண்ட் வந்தால் கணக்கு மாறும். இதற்கெல்லாம் அளவுக் கோப்பை கிடையாது, கண்ணும் கையும்தான் அளவு. பிறகு சும்மாட்டின் மேல் பாண்டை வைத்துக்கொண்டு, ஆடும் சாரத்தில் கால் வைத்து ஏற வேண்டும். மேலே மூன்று கொத்தனார்கள் வேலை பார்த்தால் யாருக்கு எப்போது கலவை தீரும் என்று கீழே இருந்தே தெரிந்திருக்க வேண்டும். முன்கூட்டிப் போட்டால் கலவை இறுகும். பிந்திப் போட்டால் கொத்தனார் கரணையைக் கீழே வைத்துவிட்டு நிற்பார். மாலையில் எல்லோரும் கையைக் கழுவிக்கொண்டு கிளம்பிய பிறகு, நேற்றுக் கட்டிய சுவருக்குத் தண்ணீர் விடும் வேலை இருக்கிறது. சுவரின் உறுதிக்கு அந்தத் தண்ணீர் அவசியம் என்பதை எந்தப் பொறியாளரும் ஒப்புக்கொள்வார்.

இத்தனையையும் ஒரு தாளில் எழுதி, மேலே வேறொரு பதவிப் பெயரைப் போட்டுப் பாருங்கள். மூலப்பொருள் தயாரிப்பு, தரக் கட்டுப்பாடு, மூன்று பேரின் வேலை ஓட்டத்தை ஒருங்கிணைத்தல், உயரத்தில் பாதுகாப்பாக இயங்குதல். எந்த நிறுவனத்திலும் இவை தனித்தனித் தகுதிகள், தனித்தனிச் சம்பளக் காரணங்கள். சாரத்தின் மேல் இதே வேலைகள் நடக்கும்போது அவை தகுதியாகக் கணக்கில் வருவதில்லை. இந்தப் பதிவில் நான் சொல்ல வருவது இதுதான்: சந்தை திறனுக்குக் கூலி தருகிறது என்று நாம் நம்புகிறோம். உண்மையில் அது பெயர் பெற்ற திறனுக்குத்தான் கூலி தருகிறது. பெயர் கிடைக்காத திறன் எத்தனை நுட்பமாக இருந்தாலும், எத்தனை அவசியமாக இருந்தாலும், கூலி மேசைக்கு வந்து சேர்வதில்லை. எந்தத் திறனுக்குப் பெயர் கிடைக்கும் என்பதை முடிவு செய்வதில் வேலையின் கடினத்தைவிட, அதைச் செய்பவர் யார், அவர் அதை எங்கே கற்றார், அவருக்காகப் பேச யார் இருக்கிறார்கள் என்ற மூன்று கேள்விகளுக்கே பங்கு அதிகம்.

கண்ணுக்குத் தெரியாத திறன் என்பது பொருளியலுக்குப் புதிய விஷயம் இல்லை. 1993-ல் சின்ஹுய் ஜூன், கெவின் மர்ஃபி, ப்ரூக்ஸ் பியர்ஸ் மூவரும் அமெரிக்க ஆண் தொழிலாளர்களின் ஊதியம் பற்றி ஒரு கட்டுரை எழுதினார்கள். இன்றுவரை அதிகம் மேற்கோள் காட்டப்படும் கட்டுரை அது. 1963-லிருந்து 1989 வரை ஊதிய வரிசையின் அடித்தட்டில், அதாவது கீழிருந்து பத்தாவது சதவீதத்தில் இருந்தவர்களின் உண்மை வார ஊதியம் சுமார் 5 சதவீதம் குறைந்தது. தொண்ணூறாவது சதவீதத்தில் இருந்தவர்களின் ஊதியம் சுமார் 40 சதவீதம் உயர்ந்தது. இந்தப் பிளவில் பெரும்பகுதியைப் படிப்பாலும் அனுபவத்தாலும் விளக்க முடியவில்லை. ஒரே படிப்பு, ஒரே அனுபவம் உள்ளவர்களுக்குள்ளேயே இடைவெளி விரிந்துகொண்டு போயிருந்தது. அந்த மீதியை அவர்கள் கணக்கேட்டில் பதிவாகாத திறன்களுக்குச் சந்தை தரும் விலை கூடியதன் விளைவு என்று விளக்கினார்கள்.

அந்தக் கட்டுரையின் உழைப்பை நான் குறைத்து மதிப்பிடவில்லை. ஆனால் அதில் ஓரிடத்தில் நின்று யோசிக்க வேண்டியிருக்கிறது. 'மிகக் குறைந்த திறன் உள்ள தொழிலாளர்' என்று அவர்கள் குறிப்பிடுவது யாரை? ஊதிய வரிசையில் கீழே இருப்பவர்களை. 'மிக அதிகத் திறன் உள்ளவர்' என்பது மேலே இருப்பவர்களை. திறனை ஊதியத்தால் அளந்துவிட்டு, பிறகு ஊதிய வேறுபாட்டைத் திறனால் விளக்கினால் நாம் புறப்பட்ட இடத்துக்கே திரும்பி வந்துவிடுகிறோம். கணக்கில் மீதியாக நிற்பது திறன்தானா, வேறெதாவதா என்று தனியாகத்தான் சோதிக்க முடியும். டேவிட் கார்ட், யோர்க் ஹைனிங், பேட்ரிக் க்ளைன் மூவரும் 2013-ல் மேற்கு ஜெர்மனியின் தரவுகளை வைத்து அப்படிச் சோதித்தார்கள். விரிந்த ஊதிய இடைவெளியில் ஒரு நல்ல பங்கு, யார் எந்த நிறுவனத்தில் வேலை பார்க்கிறார் என்பதிலிருந்தே வந்தது என்று கண்டார்கள். அதே ஆள், அதே கை, அதே மூளை. நிறுவனம் மாறினால் சம்பளம் மாறுகிறது. திறன் என்று நாம் பெயர் வைத்த பெட்டிக்குள் திறன் அல்லாத பலதும் கிடக்கிறது.

மறைந்த திறனுக்குச் சந்தை எப்போதுமே விலை தராது என்றும் சொல்லிவிட முடியாது. மேல்தட்டில் அது தாராளமாகவே தருகிறது. டேவிட் டெமிங் 2017-ல் வெளியிட்ட ஆய்வின்படி, 1980-லிருந்து 2012 வரை அமெரிக்க வேலைகளில், மனிதர்களோடு அதிகம் பழக வேண்டிய வேலைகளின் பங்கு ஏறத்தாழ 12 சதவீதப் புள்ளிகள் கூடியது. கணிதத் திறனோடு பழகும் திறனும் சேர்ந்திருந்தவர்களுக்கு நல்ல ஊதியம் கிடைத்தது. நம்மூர் ஐடி நிறுவனங்கள் 'சாஃப்ட் ஸ்கில்ஸ்' கேட்பதும், அதைச் சொல்லித்தரக் காசு வாங்கும் பயிற்சி மையங்கள் முளைத்திருப்பதும் இதனால்தான். எதிரில் இருப்பவரின் மனநிலையை அறிவது, சண்டையாகப் போகும் பேச்சைத் திருப்புவது, பல பேரைச் சேர்த்து ஒரு வேலையை முடிப்பது ஆகியவை அங்கே மதிப்புள்ள திறன்கள். இதே மூன்றையும் முதியோர் இல்லத்தில் ஓர் உதவியாளர் தினமும் செய்கிறார். நினைவு தவறிய முதியவர் தட்டைத் தள்ளிவிட்டுக் கத்தும்போது அவரை அமைதிப்படுத்திச் சாப்பிட வைக்கிறார். அதற்கு நாம் வைக்கும் பெயர் பொறுமை, பாசம், தாய்மைக் குணம். மேலாளரிடம் இருந்தால் திறன், உதவியாளரிடம் இருந்தால் குணம். குணம் என்று சொன்ன மாத்திரத்தில் கூலிப் பேச்சு முடிந்துவிடுகிறது. குணத்துக்கு நன்றி சொல்வோம், சம்பளம் தரமாட்டோம்.

இது வெறும் ஊகம் இல்லை என்பதற்கு வரலாற்றில் ஒரு தெளிவான சாட்சி இருக்கிறது. லண்டனுக்குக் கிழக்கே டேகன்ஹாமில் ஃபோர்டு கார் ஆலை. அங்கே கார் இருக்கைகளுக்கு உறை தைத்தவர்கள் பெண்கள். 1960-களின் பிற்பகுதியில் நிறுவனம் வெளியாட்களைக் கொண்டு எல்லா வேலைகளையும் மதிப்பிட்டு, ஏ முதல் ஈ வரை ஐந்து படிகள் வகுத்தது. தையல் பெண்கள் பி படியில் வைக்கப்பட்டார்கள். அது திறன் குறைந்தவர்களின் படி. போதாததற்கு அதே பி படியில் இருந்த ஆணின் கூலியில் 85 சதவீதம்தான் அவர்களுக்கு. ஆனால் அந்த வேலைக்குச் சேரவே தையல் தேர்வில் தேற வேண்டியிருந்தது. தடித்த உறைத் துணியில் வளைவுகளை ஒட்டி, பல துண்டுகளைச் சுருக்கம் விழாமல், இருக்கையின் சட்டத்தில் கச்சிதமாகப் பொருந்தும்படி தைக்க வேண்டும். கொஞ்சம் விலகினாலும் உறை உட்காராது. தேர்வு வைத்துத் திறன் உண்டா என்று பார்த்து ஆள் எடுத்துவிட்டு, எடுத்த பிறகு இது திறன் குறைந்த வேலை என்றது நிறுவனம். தையல் என்பது பெண்கள் வீட்டில் இயல்பாகக் கற்றுக்கொள்வது, ஆகவே அது தொழிற்திறன் ஆகாது என்ற எண்ணம் அந்த மதிப்பீட்டின் அடியில் இருந்தது.

1968 ஜூன் 7 அன்று 187 பெண்கள் வேலையை நிறுத்தினார்கள். உறை இல்லாமல் இருக்கை இல்லை, இருக்கை இல்லாமல் கார் இல்லை. சில வாரங்களில் ஆலையின் உற்பத்தியே முடங்கியது. அமைச்சர் பார்பரா காசில் ஜூன் 28 அன்று அவர்களை அழைத்துப் பேசினார். ஆணின் கூலியில் 92 சதவீதம் என்று உடன்பாடு ஆனது. 1970-ல் பிரிட்டனில் சம ஊதியச் சட்டம் வந்ததற்கு இந்தப் போராட்டம் ஒரு பெரிய காரணம் என்று எல்லோரும் நினைவுகூர்கிறார்கள். 2010-ல் படமாகவும் வந்தது. ஆனால் அந்தப் பெண்கள் வேலையை நிறுத்தியதன் முதல் காரணம் வேறு. எங்கள் வேலையைத் திறன் வேலை என்று ஒப்புக்கொண்டு சி படியில் வையுங்கள் என்பதே அவர்களது கோரிக்கை. கூலியை ஏற்றித் தர நிறுவனம் மூன்றே வாரத்தில் இறங்கிவந்தது. திறன் என்ற பெயரைத் தருவதற்கு இன்னும் 16 வருடம் ஆனது. 1984-ல் மறுபடியும் ஆறு வாரம் வேலைநிறுத்தம் செய்த பிறகுதான் சி படி கிடைத்தது. காசைவிடப் பெயரைத் தருவதுதான் முதலாளிக்குக் கடினமாக இருந்தது. பெயரைத் தந்துவிட்டால் இனி வரும் ஒவ்வொரு கூலிப் பேச்சிலும் அது கணக்கில் ஏறும் என்பது அவருக்குத் தெரியும்.

நியூசிலாந்தில் நடந்தது இதன் அடுத்த கட்டம். கிறிஸ்டின் பார்ட்லெட் என்ற முதியோர் இல்லப் பணியாளர் இருபது ஆண்டுகளுக்கு மேல் அந்த வேலையில் இருந்தும், மணிக்கு 14.46 டாலர்தான் வாங்கிக்கொண்டிருந்தார்; அந்நாட்டுக் குறைந்தபட்சக் கூலியைவிடச் சற்றே அதிகம். அவரோடு வேலை செய்த சில ஆண்களுக்கும் அதே கூலிதான். ஆகவே பாகுபாடு எங்கே என்று எதிர்த்தரப்பு கேட்டது. 2013-ல் வேலைவாய்ப்பு நீதிமன்றமும் 2014-ல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் அந்தக் கேள்வியையே திருப்பிப் போட்டன. துறை முழுவதுமே பெண்களின் வேலை என்பதால் மதிப்பிறங்கிக் கிடக்கும்போது, உள்ளே இருக்கும் ஆணோடு ஒப்பிட்டுப் பயன் இல்லை. இதே அளவு திறனும் பொறுப்பும் சிரமமும் கேட்கும் வேறு துறை ஆண்களின் வேலையோடு ஒப்பிடலாம் என்று வழி திறந்தது. 2017-ல் அரசு உடன்பாட்டுக்கு வந்தது: ஐந்து ஆண்டுகளில் 200 கோடி நியூசிலாந்து டாலர், 55,000 பராமரிப்புப் பணியாளர்களுக்கு 15 முதல் 49 சதவீதம் வரை ஊதிய உயர்வு. இதற்கு முன்பே, 2009-ல், அந்நாட்டுத் தொழிலாளர் துறை 'ஸ்பாட்லைட்' என்ற கருவியை வெளியிட்டிருந்தது. வேலைகளில் ஒளிந்திருக்கும் திறன்களைச் சூழலை உணர்தல், மனிதர்களோடு ஊடாடுதல், வேலைகளை ஒருங்கிணைத்தல் என்று பிரித்து, ஒவ்வொன்றிலும் ஒருவர் எந்த நிலையில் இருக்கிறார் என்று எழுதவைக்கும் கருவி அது. குணம் என்று ஒதுக்கியதைத் திறன் என்று எழுத முடியும், அளக்க முடியும் என்று அது காட்டியது.

இங்கே ஒரு வலுவான மறுப்பு எழும். 'திறன் இருக்கிறதா இல்லையா என்பதா பிரச்சினை? கூலியைத் தீர்மானிப்பது தேவையும் வரத்தும். சித்தாள் வேலைக்கு ஆயிரம் பேர் வரிசையில் நிற்கிறார்கள், கொத்தனார் வேலைக்குப் பத்துப் பேர்தான். தண்ணீர் உயிருக்கு அவசியம், வைரம் அவசியமில்லை. ஆனாலும் வைரத்துக்குத்தானே விலை?' இந்த வாதத்தில் உண்மை இருக்கிறது. கொத்தனாரின் கை பழகுவதற்கு ஆண்டுகள் வேண்டும், தூக்குக்குண்டும் ரசமட்டமும் பிடித்துச் சுவரை நேராக எழுப்புவது லேசான வேலை இல்லை. எல்லோருக்கும் ஒரே கூலி என்று நான் கேட்கவில்லை. கொத்தனாருக்குக் கூடுதல் கூலி நியாயம்தான். என் கேள்வி அந்த வரிசைகள் எப்படி உருவாகின்றன என்பதைப் பற்றியது. கரணையைப் பெண்ணின் கையில் தருவதில்லை என்ற வழக்கத்தால் ஒரு வரிசை குறுகலாகிறது. கரணை கிடைக்காத அத்தனை பெண்களும் ஒரே வாசலில் வந்து நிற்பதால் இன்னொரு வரிசை நீள்கிறது. இங்கே வரத்து இயற்கையாக அமைந்தது இல்லை, மனிதர்கள் அணை கட்டித் திருப்பிவிட்டது. மேலும், பேரம் பேச ஒரே ஒரு மேஸ்திரிதான் கிடைப்பார் என்ற நிலையில் இருப்பவருக்குச் சந்தை விலை கிடைக்காது. வேலை தருபவரின் கை ஓங்கிய சந்தையில் கூலி உழைப்பின் மதிப்புக்குக் கீழேயே நிற்கும் என்று பொருளியலாளர் ஜோன் ராபின்சன் 1933-லேயே எழுதிவிட்டார்.

வரத்துதான் காரணம் என்பதைத் தரவுகளை வைத்தும் சோதித்திருக்கிறார்கள். ஆசாஃப் லெவனான், பவுலா இங்லண்ட், பால் அலிசன் மூவரும் 1950 முதல் 2000 வரையான அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்புத் தரவுகளை ஆராய்ந்து 2009-ல் ஒரு முடிவை வெளியிட்டார்கள். ஒரு தொழிலில் பெண்களின் பங்கு கூடினால், பிந்தைய ஆண்டுகளில் அந்தத் தொழிலின் ஊதியம் குறைகிறது. தொழில் கேட்கும் படிப்பையும் திறனையும் கணக்கில் எடுத்த பிறகும் அப்படித்தான். பெண்கள் தாமாகவே குறைந்த கூலி வேலைகளைத் தேர்ந்தெடுக்கிறார்கள் என்று சொல்பவர்களுக்கு இது பதில்: வேலையின் மதிப்பு குறைவதற்கு முன்பே பெண்கள் அங்கே வந்துவிட்டார்கள். வயலிலும் இதையே பார்க்கலாம். நாற்றைப் பறித்து, முடி கட்டி, சேற்றில் குனிந்தபடியே ஒரே ஆழத்தில் ஒரே இடைவெளியில் நடுவது காலம் காலமாகப் பெண்களின் வேலை. ஏர் ஓட்டிய ஆணைவிட அவர்களுக்கு எப்போதும் கூலி குறைவு. அதே நடவுக்கு இயந்திரம் வந்தபோது அதன் மேல் ஏறி உட்கார்ந்தவர் பெரும்பாலும் ஆண். அவருக்குப் பெயர் ஆபரேட்டர், அவருக்குத் தனிக் கூலி. நடவு மாறவில்லை. செய்பவர் மாறியதும் அது திறன் வேலையாகிவிட்டது.

இன்னொரு மறுப்பு: 'கூலியை ஏற்றினால் வேலையே போய்விடும், ஏழைக்குத்தான் நஷ்டம்.' இந்த அச்சத்தை நேர்மையாக எதிர்கொள்ள வேண்டும். 1992 ஏப்ரலில் அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநிலம் குறைந்தபட்சக் கூலியை மணிக்கு 4.25 டாலரிலிருந்து 5.05 டாலராக உயர்த்தியது. பக்கத்துப் பென்சில்வேனியாவில் உயர்வு இல்லை. டேவிட் கார்டும் ஆலன் க்ரூகரும் இரண்டு பக்கமும் சேர்த்து 410 துரித உணவகங்களை ஒப்பிட்டு, நியூ ஜெர்சியில் வேலை குறையவில்லை என்று 1994-ல் எழுதினார்கள். இந்த வகை ஆய்வுகளுக்காகத்தான் கார்டுக்கு 2021-ல் நோபல் பரிசு கிடைத்தது. இதை வைத்து எவ்வளவு ஏற்றினாலும் ஒன்றும் ஆகாது என்று வாதிட மாட்டேன். அந்த ஆய்வு அளவான உயர்வைப் பற்றியது. ஆனால் வேலை தருபவரின் கை ஓங்கிய இடத்தில் அளவாக ஏற்றிய கூலி வேலையை அழிப்பதில்லை என்பதற்கு அது போதுமான சான்று. கட்டட வேலையில் சித்தாளை விட்டுவிட்டு வீடு கட்ட எந்த மேஸ்திரியாலும் முடியாது. கலவை தானாக மாடிக்கு ஏறாது.

மூன்றாவது மறுப்பு எனக்கு மிகவும் முக்கியமாகப் படுகிறது. 'திறனை யார் அளப்பது? இதெல்லாம் அவரவர் பார்வை இல்லையா? அதிகாரிகள் உட்கார்ந்து மதிப்பெண் போட்டால் அநியாயம் வேறு உருவத்தில் வராதா?' வரும். டேகன்ஹாம் பெண்களைப் பி படியில் தள்ளியதும் முறைப்படி நடந்த ஒரு மதிப்பீடுதான். ஆனால் அளக்காமல் விட்டால் நடுநிலை வந்துவிடாது. இப்போதும் அளவு நடக்கத்தான் செய்கிறது, பழைய வழக்கத்தின் கையால். அந்த அளவுக்குப் பதிவேடு இல்லை, மேல்முறையீடும் இல்லை. எழுதி வைத்த மதிப்பீட்டையாவது எதிர்த்துப் பேச முடியும். டேகன்ஹாம் பெண்கள் பேசினார்கள். மதிப்பிடும் மேசையில் வேலையைச் செய்பவரும் உட்கார்ந்திருக்க வேண்டும் என்பதுதான் இதிலிருந்து கிடைக்கும் பாடம். சங்கம் இல்லாத பெயர் நிலைக்காது என்பதையும் மறக்கக் கூடாது. நியூசிலாந்திலேயே 2025 மே மாதம் அரசு சட்டத்தை அவசரமாகத் திருத்தி, நிலுவையில் இருந்த 33 ஊதியச் சமத்துவக் கோரிக்கைகளை ஒரே வீச்சில் நிறுத்தியது. வென்ற பெயரையும் காவல் காக்க வேண்டியிருக்கிறது.

நம் சட்டம் எங்கே நிற்கிறது? சம மதிப்புள்ள வேலைக்குச் சம ஊதியம் என்ற சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் நூறாவது உடன்படிக்கை 1951-ல் வந்தது. இந்தியா 1958-ல் அதை ஏற்று உறுதி செய்தது. ஆனால் 1976-ன் சம ஊதியச் சட்டம் 'அதே வேலை அல்லது அதை ஒத்த வேலை' என்று எழுதியது. 2019-ன் ஊதியச் சட்டத் தொகுப்பும் அதே சொற்களையே வைத்திருக்கிறது. மதிப்பு என்ற சொல் அதில் இல்லை. இந்த ஒரு சொல் இல்லாததால் சித்தாளுக்கு வாசல் அடைபடுகிறது. கொத்தனார் வேலையும் சித்தாள் வேலையும் அதே வேலை இல்லை, ஒத்த வேலையும் இல்லை. ஆகவே சட்டத்தின் கண்ணில் ஒப்பிடவே எதுவும் இல்லை. பெண்களை ஒரு பெயருக்குள்ளும் ஆண்களை இன்னொரு பெயருக்குள்ளும் வைத்துவிட்டால் சம ஊதியச் சட்டம் அவர்களைத் தொடாமலே போய்விடும். அங்கன்வாடிப் பணியாளர்களின் கதையும் இதே வகை. அவர்கள் வாங்குவது ஊதியம் இல்லை, மதிப்பூதியம். செய்வது வேலை இல்லை, தொண்டு என்று 1975-லிருந்து அரசுத் தரப்பு சொல்லிவந்தது. 2022 ஏப்ரலில்தான் உச்ச நீதிமன்றம் அவர்களுக்கும் பணிக்கொடை உண்டு என்று தீர்ப்பளித்தது. குழந்தைக்கு எடை பார்த்து, கர்ப்பிணிக்கு உணவு தந்து, பதிவேடு எழுதும் வேலையை வேலை என்று ஒப்புக்கொள்ள ஏறத்தாழ அரை நூற்றாண்டு ஆயிற்று.

பெயர் மாறினால் என்ன நடக்கும் என்பதற்கு இந்தியாவுக்குள்ளேயே ஒரு நல்ல காட்சியும் உண்டு. வடக்கே கொத்தனாருக்கு 'ராஜ் மிஸ்திரி' என்று பெயர். ஜார்க்கண்டில் தூய்மை இந்தியா திட்டத்தில் கிராமங்களுக்குக் கழிப்பறை கட்டக் கொத்தனார்கள் போதவில்லை. சுய உதவிக் குழுப் பெண்களுக்குப் பயிற்சி கொடுத்தார்கள். பல ஆயிரம் பெண்கள் கரணை பிடித்தார்கள். ஊர் அவர்களை 'ராணி மிஸ்திரி' என்று அழைத்தது. பெண்ணுக்குக் கரணை வராது, அதற்கு வேறு உடம்பும் வேறு புத்தியும் வேண்டும் என்று தலைமுறை தலைமுறையாகச் சொன்னதெல்லாம் சில மாதப் பயிற்சியில் பொய்யானது. ஆள் பற்றாக்குறை வந்தபோது மட்டும் திறந்த கதவு அது என்பதையும் சேர்த்தே பார்க்க வேண்டும். திறக்க முடிந்த கதவு இத்தனை காலம் பூட்டியிருந்தது என்றால் பூட்டு பெண்களிடம் இல்லை.

ஆகவே என் முடிவு இது. ஊதிய ஏற்றத்தாழ்வு முழுவதும் திறன் ஏற்றத்தாழ்வு என்று நம்புவதை நாம் விட வேண்டும். ஊதியச் சட்டத்தில் 'சம மதிப்புள்ள வேலை' என்ற சொல் ஏற வேண்டும். குறைந்தபட்சக் கூலி அட்டவணையில் 'திறனற்ற' என்ற வகையில் இருக்கும் ஒவ்வொரு வேலையையும், அதைச் செய்பவர்களையே பக்கத்தில் உட்காரவைத்து மறுபடி எழுத வேண்டும். கட்டடத் தொழிலாளர் நல வாரியத்தின் பயிற்சிகளில் கரணை முதலில் சித்தாளின் கைக்குப் போக வேண்டும். இவையெல்லாம் அரசு செய்ய வேண்டியவை. நாம் செய்யக்கூடியதும் ஒன்று உண்டு. உங்கள் வீட்டு வேலை நடக்கும்போது, கூலி பேசுவதற்கு முன் ஒரே ஒரு நாள் காலையிலிருந்து மாலை வரை சித்தாள் செய்யும் வேலைகளை வரிசையாக ஒரு தாளில் எழுதுங்கள். செங்கல் நனைப்பதிலிருந்து சுவருக்குத் தண்ணீர் விடுவது வரை ஒன்றையும் விட வேண்டாம். எழுதி முடித்த தாளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு மேஸ்திரியிடம் கூலி பேசுங்கள்.